டாக்டர் வீட்டு முற்றமும் சாவாவின் கேமராவும்

எங்கள் தெரு ஆற்றங்கரையில் தொடங்கி மேடேறிப் போகும். ஒவ்வொரு வீடும் தனக்குக் கீழே உள்ள வீட்டைவிட ஓர் ஆள் உயரம் கூடுதல். அதனால் மேல்வீட்டுக்காரருக்குக் கீழ்வீட்டு முற்றம் எப்போதும் கொஞ்சம் தெரியும். தெரிந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் மலையூரான ட்ரோயானில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது யாரும் சொல்லித்தராமல் வந்த பழக்கம். ஜன்னலைத் திறந்தால் கண் நேரே மலைக்குப் போய்விடும்.

மே மாதம் சாவாவும் அவன் மனைவி நெவெனாவும் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது, யாரோ அவர்கள் கொட்டகைப் பூட்டை உடைத்து, மரம் அறுக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், பிளம் சாராயம் காய்ச்சும் செப்புப் பானை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். செப்புப் பானை சாவாவின் அப்பா காலத்தது. மற்றவை அவன் ஸ்பெயினில் வருஷக்கணக்காகக் கட்டட வேலை பார்த்து வாங்கியவை. போலீஸ்காரர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சாவாவுக்குத் தூக்கம் போயிற்று. மலைக்கிராமங்களுக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன்; வண்டி ஓட்டும்போதெல்லாம் வீட்டில் யாரோ பூட்டை நெம்புவதுபோலவே இருந்தது.

அதனால் கேமரா வாங்கினான். கூரை மூலையில் மாட்ட வந்த கடைக்காரப் பையன் ஏணியில் நின்றபடி போனைக் காட்டிச் சொன்னான்:

"பக்கத்து வீட்டு முற்றம் பூரா விழுது அண்ணே. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிடட்டுமா?"

"விடுப்பா. கூடத் தெரிஞ்சா நல்லதுதானே. திருடன் அந்தப் பக்கமா ஏறி வந்தா?"

கேமரா இருக்கிறது என்று எழுதிய ஒரு சிறு பலகையையும் அவன் கொடுத்தான். வாசலில் மாட்ட வேண்டுமாம். "திருடனுக்கு நானே சேதி சொல்லி விடணுமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே சாவா அதைக் கொட்டகையில் போட்டுவிட்டான்.

கீழ்வீடு டாக்டர் லூபெனுடையது. மாட்டு டாக்டர். இந்த மலையடிவாரத்தில் பிறந்த பாதி மாடுகள் அவர் கையில் விழுந்தவைதான். ஓய்வு பெற்ற சில வருஷங்களில் அவருக்கு ஞாபகம் கலங்கத் தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள், பிறகு எது காலை எது மாலை என்பது. மனைவி டோத்கா ஒருத்திதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். தையல் ஆலையில் வேலை பார்த்தவள், அதிகம் பேசமாட்டாள். முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஒரு பெஞ்சு உண்டு. வசந்தம் வந்தால் டாக்டர் நாள் முழுக்க அங்கேதான். மூன்று பக்கமும் சுவர், கதவுக்குத் தாழ். உள்ளே எது செய்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று டோத்கா நிம்மதியாக இருந்தாள்.

கேமராவைப் பார்த்ததும் அவள் வேலியோரம் வந்து கேட்டாள்.

"சாவா, அது எங்க பக்கமா பாக்குது?"

"இல்லக்கா. எங்க கதவையும் காரையும்தான் பாக்குது."

"அப்ப சரி" என்று அவள் போய்விட்டாள்.

சாவா பொய்க்காரன் இல்லை. விளக்கம் சொல்லச் சோம்பல், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை டோத்கா முழுசாக நம்பினாள்.

ஏதாவது அசைந்தால் சாவாவின் போன் ஒலிக்கும். பூனை ஓடினால் ஒலிக்கும். ஆனால் அதிகம் ஒலித்தது டாக்டரால்தான். அவர் பெஞ்சிலிருந்து எழுந்தால் ஒலிக்கும், குழாயைத் திறந்தால் ஒலிக்கும். முதலில் சாவாவுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அது பழக்கமாயிற்று. பஸ் நிலையத்தில் காப்பி குடிக்கும்போது, கிராமத்தில் பயணிகளுக்காகக் காத்திருக்கும்போது, கை தானாகப் போனை எடுத்தது. டாக்டர் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். டோத்கா ஓடி வந்து மூடுவாள். அவருக்குச் சட்டை மாற்றுவாள். அவர் பாதியில் கையை இழுத்துக்கொள்வார். ஒருநாள் அவர் அவளைத் தள்ளிவிட, அவள் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, அதே சட்டையை மறுபடி எடுத்தாள்.

இதை சாவா நெவெனாவிடம் காட்டினான். "பாவம், என்ன பாடு படுது பாரு இந்த அக்கா."

நெவெனா பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"பாவம்னா போய் உதவி பண்ணு. இப்படி ஒளிஞ்சு நின்னு பாக்காத."

"நான் எங்க ஒளிஞ்சேன்? கேமரா பாக்குது, நான் பாக்குறேன்."

"நான் மருந்துக்கடைல நிக்கிறேன் சாவா. இந்த ஊர்ல யாருக்கு என்ன நோவு, எவன் எதுக்கு மாத்திரை முழுங்குறான்னு எனக்குத் தெரியும். ஒருநாளாவது வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொல்லியிருக்கேனா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நாளைக்கே அதத் திருப்பி வை."

சாவா திருப்பி வைக்கிறேன் என்றான். ஏணி யாரிடமோ இரவல் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் அந்தக் காரியம் நடந்துவிட்டது.

ஜூலை மாத வெயில். டோத்கா உள்ளே சூப் வைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் ஒரு தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் ஒரு சாக்கு. டாக்டர் அதன் பின்பக்கம் வந்து நின்றார். சட்டையைக் கழற்றினார். கால்சட்டையையும் கழற்றி ஒழுங்காக மடித்து பெஞ்சில் வைத்தார். பிறகு மண்டியிட்டு, வலது கையைத் தோள்வரை சாக்குக்கு அடியில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் தள்ளுவண்டியைத் தட்டிக்கொடுத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். கன்று வெளியே வரவில்லை போலும். தலையைத் திருப்பி "கயிறு, கயிறு கொண்டா" என்று யாரிடமோ கத்தினார். கேமராவில் குரலும் விழுந்தது.

சாவா அதைப் பஸ் நிலையத்தில் பார்த்தான். சிரித்துவிட்டான். பக்கத்தில் ருமென் என்ற இன்னொரு டிரைவர் இருந்தான். "என்னடா சிரிக்கிற?" என்றான். காட்டினான். "எனக்கு அனுப்புடா, என் பொண்டாட்டிக்கு மட்டும் காட்டிட்டு அழிச்சிடறேன்" என்றான் ருமென். சாவா அனுப்பினான். நினைத்துப் பார்க்கக்கூட நேரமில்லை, விரல் அழுத்திவிட்டது.

மாலைக்குள் அது டிரைவர்கள் குழுவுக்குப் போயிற்று. மறுநாள் எங்கள் தெருக் குழுவுக்கே வந்தது. யாரோ அதற்குக் கல்யாண மேளம் சேர்த்திருந்தார்கள். யாரோ தள்ளுவண்டிக்கு மாட்டுத் தலை ஒட்டியிருந்தார்கள். ட்ரோயானைத் தாண்டி லோவெச் போயிற்று, அங்கிருந்து எங்கெங்கோ. டோத்காவுக்கு அது பிளெவெனில் இருக்கும் தங்கையிடமிருந்து வந்தது. "அக்கா, இது அத்தானா?" என்று மட்டும் தங்கை எழுதியிருந்தாள்.

டோத்கா கேட்டைத் தட்டியபோது சாவா காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"நான் உன்னக் கேட்டேன், சாவா. எங்க பக்கம் பாக்குதான்னு."

"அக்கா, நான் வேணும்னு... ஒருத்தனுக்குத்தான் அனுப்புனேன். அவன்..."

"அவன் யாருன்னு எனக்கு வேண்டாம். இல்லைன்னு சொன்னது நீ."

"தப்புதான் அக்கா. மன்னிச்சிரு."

"அவரு எப்படி இருந்தாரு, தெரியும்ல உனக்கு? சட்டையில ஒரு கறை இருந்தா வெளிய வரமாட்டாரு. மாட்டுக்கொட்டகைக்குப் போகும்போதுகூட தலை சீவிட்டுப் போவாரு." அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என் முன்னாடி மட்டும்தான் அவரு இப்படி இருந்தாரு. வேற யாருக்கும் காட்டாம மூணு வருஷமா காப்பாத்தி வச்சிருந்தேன். நீ ஊருக்கே அவுத்துக் காட்டிட்ட."

சாவா கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கு அதை மூடத் தோன்றவில்லை.

மறுநாள் டோத்கா பந்தலிலிருந்து சுவர்வரை கொடி கட்டி, வீட்டில் இருந்த கம்பளிகளை எல்லாம் வரிசையாகத் தொங்கவிட்டாள். காற்று அடித்தால் அவை விலகின. அதனால் கணவரை உள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டினாள். ஆகஸ்ட் முழுவதும் டாக்டர் முற்றத்துக்கு வரவில்லை. பகலில் அவர் ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டுவது தெருவரை கேட்கும். "திறங்க, மாடு காத்துக்கிட்டிருக்கு" என்பார். பிறகு டோத்காவின் குரல், மெதுவாக, சமாதானம் சொல்லும். பிறகு மறுபடி தட்டல்.

அவள் தங்கை மகன் ஒரு வக்கீலிடம் எழுத்தராக இருந்தான். புகார் கொடுக்கச் சொன்னான். அடுத்தவர் முற்றத்தைப் படம் எடுப்பதே குற்றம், அதை அனுப்பியது அதைவிடப் பெரிய குற்றம், அபராதம் போட்டுவிடுவார்கள் என்றான். டோத்கா ஒத்துக்கொள்ளவில்லை. புகார் கொடுத்தால் அந்தப் படத்தை இன்னும் நாலு அதிகாரிகள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அவளுக்குப் பயம்.

நெவெனா கணவனோடு சண்டை போடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மட்டும் சொன்னாள்: "இன்னைக்கு டோத்கா அக்கா கடைக்கு வந்தாங்க. என்னைப் பாத்ததும் வரிசையிலேர்ந்து விலகி, அடுத்த கவுண்டருக்குப் போயிட்டாங்க. மருந்துச் சீட்டை என்கிட்ட நீட்டல." அதற்குமேல் அவளால் சாப்பிட முடியவில்லை.

சாவா வார்னாவில் இருக்கும் மகள் ஈவாவுக்குப் போன் செய்தான். டாக்டர் வீட்டுப் பக்கம் மட்டும் கறுப்படித்து மறைக்க முடியும், கேமரா அந்த இடத்தைப் பதிவே செய்யாது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். செய்தான். பழைய பதிவுகளை எல்லாம் அழித்தான். குரல் பதிவையும் நிறுத்தினான். போனை எடுத்துக்கொண்டு டோத்கா வீட்டு வாசலுக்குப் போனான்.

"பாருக்கா. உங்க பக்கம் பூரா கறுப்பு. ஒண்ணும் தெரியாது."

அவள் போனைப் பார்க்கவே இல்லை.

"கறுப்பு அடிச்சது யாரு?"

"நான்தான்."

"அந்தக் கறுப்ப எடுக்கணும்னா யாரு எடுக்கலாம்?"

சாவா போனைத் தாழ்த்தினான்.

"அப்ப அது உன் போன்ல இருக்கு. எனக்கு இங்கேர்ந்து பாத்தா அந்தக் கண்ணு இன்னமும் எங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கு. நீ நல்லவனா இருக்கிற வரைக்கும் மறைச்சிருக்கும். நான் ஒருதடவை நம்பிப் பாத்துட்டேன்."

கதவு மூடிக்கொண்டது.

அன்றைக்கே சாவா ஏணியைத் திரும்ப வாங்கிவந்து கேமராவைக் கழற்றினான். கூரை மூலையிலிருந்து இறக்கி, கொட்டகை வாசலுக்குப் பக்கவாட்டில், தன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி மாட்டினான். இப்போது அதில் கொட்டகைக் கதவும் காரின் முன்பாதியும் மட்டுமே விழுந்தன. தெருவில் நின்று பார்க்கிற எவருக்கும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விளங்கும். பலகையையும் தேடி எடுத்துக் கேட்டில் அடித்தான். கூரையில் பழைய திருகாணி ஓட்டைகள் இரண்டும் அப்படியே இருந்தன. அவற்றில் காரை பூசிவிட்டுக் கீழே இறங்கினான்.

அனுப்பிய படத்தைத் திரும்பப் பிடிப்பதுதான் பெரும்பாடு. ருமெனிடம் முதலில் போனான். "நான் அன்னைக்கே அழிச்சிட்டேன்டா, சத்தியமா" என்றான் அவன். ஆனால் அழிக்கும் முன் ஆறு பேருக்கு அனுப்பியிருந்தான். சாவா அந்த ஆறு பேரையும் பார்த்தான். அவர்கள் கைகாட்டியவர்களையும் பார்த்தான். சிலர் கூச்சத்தோடு உடனே அழித்தார்கள். மரக்கடைக்காரர் ஒருவர், "ஊரே பாத்து முடிச்சாச்சு, இப்ப எதுக்குப்பா ஊர்வலம்?" என்றார். இறைச்சிக் கடையில் ஒருவன், "அழிக்கிறேன், ஆனா இன்னொரு தடவை பாத்துட்டு" என்று சாவாவின் முன்னாலேயே போட்டுப் பார்த்துச் சிரித்தான். சாவா அங்கேயே நின்றான். அவனை அடிக்கக் கை துடித்தது. ஆனால் இதே சிரிப்பைத்தான் தான் முதலில் சிரித்தோம் என்று நினைத்துக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஒருநாள் மேல்கிராமத்திலிருந்து ஸ்தோயினா என்ற பெண்மணி பஸ்ஸில் ஏறினாள். தயிரும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சந்தைக்குக் கொண்டுவருகிறவள். சீட்டு வாங்கியதும் உட்காராமல் டிரைவர் பக்கத்திலேயே நின்றாள்.

"அந்தப் படம் உன் வீட்டுக் கேமராதான்னு சொல்றாங்களே, நெசமா?"

"ஆமாங்க" என்றான் சாவா. பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"என் பேரன் காட்டுனான். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரல. என் பசு ஒண்ணு கன்னு போட முடியாம கெடந்தப்ப, பனி முட்டிவரைக்கும். ஜீப்பு வராதுன்னு நடந்தே வந்தாரு மனுஷன். இப்படித்தான் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு மண்டி போட்டாரு. இப்படித்தான் தட்டிக் குடுத்துக்கிட்டே பேசுனாரு. காசு குடுத்தேன், வாங்கல. ஒரு உருண்டை பாலாடைக்கட்டி மட்டும் வாங்கிக்கிட்டாரு. அவரப் போயி..."

கடைசி இருக்கைக்குப் போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் வந்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு முற்றத்திலும் குளிர்காலத்துக்குச் சேமிக்கக் குடைமிளகாய் சுடும் வாசம். டோத்கா மட்டும் அடுப்பை வெளியே எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அவள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில், டாக்டர் எப்படியோ சாவியைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். வீட்டில் இல்லை, தெருவில் இல்லை, ஆற்றங்கரையிலும் இல்லை. டோத்கா செருப்பில்லாமல் மேடேறி ஓடிவந்து சாவாவின் கேட்டைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சாவா! உன் கேமராவுல பாரு, எந்தப் பக்கம் போனாருன்னு பாரு!"

சாவா போனை எடுத்தான். எடுக்கும்போதே அவனுக்குத் தெரியும். கொட்டகைக் கதவு. காரின் முன்பாதி. சுவரில் வெயில்.

"அக்கா... இப்ப இதுல தெரு தெரியாது."

அவள் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். அதை அப்படித் திருப்பவைத்தது தன் பேச்சுதான் என்பது அவள் முகத்தில் வந்து போயிற்று. அவள் கேட்டைப் பிடித்தபடியே சரிந்தாள். நெவெனா ஓடிவந்து அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

"அவரு காலைல என்ன சொல்லிக்கிட்டிருந்தாரு? யோசிச்சுச் சொல்லுங்க அக்கா" என்றாள் நெவெனா.

"எப்பவும் சொல்றதுதான். மாடு காத்துக்கிட்டிருக்கு, பாலம் தாண்டிப் போகணும், நேரமாச்சுன்னு..."

"எந்தப் பாலம்?"

டோத்கா நிமிர்ந்தாள். "மேல் பாலம். அந்தக் காலத்துல காலைச் சுத்துக்கு அந்த வழியாத்தான் போவாரு."

நெவெனா தெருக்காரர்களைக் கூட்டி ஆற்றங்கரைப் பக்கம் தேடச் சொன்னாள். சாவா காரை எடுத்தான். டோத்கா முன்னால் உட்கார்ந்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் அவனோடு இத்தனை அருகில் இருந்தது அதுதான் முதல் தடவை. மேல் பாலத்தைத் தாண்டினால் சாலை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு கொட்டகையாக நின்று கேட்டார்கள். கூட்டுறவுப் பண்ணையின் இடிந்த தொழுவத்தில் சாவா உள்ளே போய்ப் பார்த்தான். முள்ளும் செங்கல்லும்தான் கிடந்தன. டோத்கா காருக்குள் இருந்தபடி உதடு அசையப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் வேகமாகப் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள், அதைப்பற்றிப் பேசவில்லை.

மேல்கிராமத்தின் கடைசி வீட்டு வாசலில் ஸ்தோயினா நின்று, காரைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"இங்கதான் இருக்காரு, வாங்க. யாருக்குச் சொல்லி விடறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருக்கேன்!"

யாரோ பால் வண்டிக்காரன், டாக்டர் சாலையோரம் நடப்பதைப் பார்த்து, வழக்கம்போலச் சுற்றுக்குப் போகிறார் என்று நினைத்து ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறான். தொழுவத்தில் டாக்டர் ஒரு பழுப்புப் பசுவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு, தோளில் ஸ்தோயினா போர்த்திவிட்ட கம்பளி. பசுவின் வயிற்றில் காதை வைத்திருந்தார்.

"பசுவைப் பாக்க வந்தேன்னாரு" என்றாள் ஸ்தோயினா தாழ்ந்த குரலில். "பசு சினையே இல்ல. ஆனா வந்த டாக்டரை எப்படி வேண்டாம்னு சொல்றது? பாருங்கன்னு விட்டுட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து டோத்காவைப் பார்த்தார். "நல்லா இருக்கு. இன்னும் நாள் இருக்கு, அவசரமில்ல" என்றார்.

"சரிங்க" என்றாள் டோத்கா. "அப்ப வாங்க, வீட்டுக்குப் போவோம்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

திரும்பும் வழியில் டாக்டர் பின் இருக்கையில் தூங்கிவிட்டார். டோத்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை வந்ததும் சொன்னாள்:

"பூட்டி வச்சதாலதான் ஓடினாரு. முற்றத்துல இருந்த வரைக்கும் ஒருநாள்கூட கேட்டைத் தாண்டல."

சாவா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, "எல்லாம் என்னால வந்ததுதான் அக்கா" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

இரண்டு நாள் கழித்து அவளே மேலே வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசினாள்.

"எங்க கேட்டுக்கு உள்பக்கமா ஒண்ணு மாட்டணும். அவரு கேட்டைத் திறந்தா எனக்குத் தெரியணும். கேட்டு மட்டும்தான் விழணும். பந்தல் விழக்கூடாது, தெருவுல போறவங்க விழக்கூடாது. சத்தம் பிடிக்கக் கூடாது. என் போனுக்கு மட்டும் வரணும். செய்வியா?"

"செய்யறேன் அக்கா. கடைக்காரப் பையனையே வரச்சொல்லட்டுமா? நான் தொட்டேன்னு உங்களுக்கு..."

"நீதான் செய்யணும்" என்றாள் டோத்கா.

சாவா மாட்டினான். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அவள் தன் போனைப் பார்த்து, "இன்னும் இறக்கு", "பந்தக்கால் தெரியுது, வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தாழ்ப்பாளும் அதைச் சுற்றி ஒரு கை அகலமும் மட்டும் நின்றன. ரகசியச் சொல் போட வேண்டிய இடம் வந்ததும் போனை அவளிடம் கொடுத்துவிட்டு அவன் தெருப்பக்கம் திரும்பி நின்றான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவள் அழுத்தி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எதிர்வீட்டு நாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆச்சு" என்றாள். பிறகு, சற்று யோசித்து, "உள்ள வா. காப்பி வச்சிருக்கேன்."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முடி சீவி, சுத்தமான சட்டை போட்டிருந்தார். பந்தலில் திராட்சை முற்றிக் கறுத்து, குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. சாவா வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்ன மாடு?" என்றார்.

டோத்கா சமையலறை வாசலில் தட்டோடு நின்றுவிட்டாள். சாவா தன் தொப்பியைக் கழற்றினான்.

"ஆடு, டாக்டர்" என்றான். "முன்னங்கால நொண்டுது."

"எந்தக் கால்?"

"வலது."

"குளம்ப வெட்டி எத்தன நாளாச்சு?"

"ரொம்ப நாளாச்சுங்க. கவனிக்காம விட்டுட்டேன்."

"கவனிக்காம விட்டா அழுகிரும்" என்றார் டாக்டர் கண்டிப்பாக. பிறகு அவன் முகத்தைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாத. நாளைக்குக் காலைல தூக்கிட்டு வா, பாப்போம்."

"சரிங்க, டாக்டர்."

"உக்காரு" என்று அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

டோத்கா காப்பியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.